ஆபத்துக்குப் பாவமில்லையா?

ஆபத்துக்குப் பாவமில்லை என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. பழமொழிகள் முன்னோரின் அனுபவத்தில் பிறந்தவை, அவற்றை எதிர்த்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று கருதுகிறவர்கள் பலர். எனக்கும் பழமொழிகள் மீது பகை எதுவும் கிடையாது. பசித்தவன் ஒருவன் கேட்காமல் ஒரு பிடி சோற்றை எடுத்துத் தின்றுவிட்டானா? வெள்ளத்தில் போகிறவளைக் காப்பாற்ற ஆசாரத்தை மறந்து ஒருவன் கையைப் பிடித்து இழுத்துவிட்டானா? அங்கே அந்தப் பழமொழியைச் சொல்லுங்கள். நானும் கூடச் சேர்ந்து சொல்கிறேன். எளியவனுக்கு மன்னிப்பு வழங்குவதற்காகப் பிறந்த வாக்கியம் அது.

ஆனால் இன்றைக்கு அந்த வாக்கியத்தை அதிகமாகப் பயன்படுத்துகிறவர்கள் யார் தெரியுமா? கழிவறை அடைத்துக்கொண்ட வீட்டின் சொந்தக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டில் விருந்தாளிகள். பின்கட்டில் கழிவு நீர் பொங்கி நிற்கிறது. நகராட்சிக்குச் சொன்னால் நாளைக்குத்தான் ஆள் வரும். உடனே தெருமுனையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதனைக் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டுக் குழியின் மூடியைத் திறந்து, “இறங்கு” என்கிறார்கள். யாராவது ஏன் ஐயா இப்படி என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: “என்ன சார் செய்வது, அவசரம்! ஆபத்துக்குப் பாவமில்லை.”

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது இதுதான். நம் வீடுகளில் குழாய் சம்பந்தமாக நேர்கிற ஆபத்துகளில் முக்கால்வாசி திடீரென்று வந்தவை அல்ல. மாதக்கணக்கில் நாமே நிதானமாக வளர்த்தவை. வளர்த்தவர் ஒருவர், வளர்ந்த பிறகு அதற்குள் இறங்குகிறவர் இன்னொருவர். இந்த அநியாயத்தை மூடி மறைக்கும் சொல்தான் ‘அவசரம்’.

முதலில் நல்ல தண்ணீர்க் குழாயைப் பற்றிச் சொல்கிறேன். அதில் பாவம் குறைவு, பாடம் அதிகம்.

ஒரு வீட்டில் குழாய் வெடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் தண்ணீர் ஓடுகிறது. வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியைத் தேடுகிறார். அம்மாள் பழைய புடவைகளைக் கொண்டுவந்து குழாயைச் சுற்றுகிறாள். பையன் பிளம்பருக்குப் போன் செய்கிறான். மாடியில் மேல்தொட்டி நிரம்ப ஆயிரம் லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அதுவும் இறங்கி வந்துகொண்டே இருக்கிறது. அந்தத் தொட்டியிலிருந்து புறப்படும் குழாயில் ஒரு வால்வு உண்டு. அதைத் திருகி மூடினால் எல்லாம் நின்றுவிடும். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தாலும் திருகினால் திரும்பாது. வைத்த நாளிலிருந்து ஒரு முறைகூட அதை யாரும் தொட்டதில்லை. உப்பும் துருவும் ஏறிக் கல்லாகிவிட்டது.

இந்தக் குழாய் இன்று காலையில்தான் கெட்டுப்போயிற்றா? மூன்று மாதமாகச் சுவரில் ஈரம் படர்ந்து சுண்ணாம்பு உரிந்துகொண்டிருந்தது. ராத்திரி நிரப்பிய தொட்டி, யாரும் புழங்காமலே விடியற்காலையில் பாதியாகியிருந்தது. அரை மணி ஓடுகிற மோட்டார் முக்கால் மணி ஓடியது. எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் மீட்டரில் முள் நகர்ந்தது. குழாய்க்கு வாய் இல்லை என்று யார் சொன்னது? அது தன்னால் ஆனமட்டும் கத்திக்கொண்டுதான் இருந்தது. நமக்குத்தான் காது இல்லை.

வருஷத்துக்கு இரண்டு முறை, பொங்கலுக்கு ஒரு முறை, ஆயுத பூஜைக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டாலும் சரி, வீட்டிலுள்ள ஒவ்வொரு வால்வையும் ஒரு தடவை மூடித் திறந்து வைத்தால் போதும். அது இறுகாது. எந்த வால்வு எதை நிறுத்தும் என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டி வைத்தால், குழந்தை கூட ஆபத்தில் கை கொடுக்கும். தண்ணீர் சுவிட்சுப் பலகைப் பக்கம் போனால் முதலில் மெயின் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். குழாயைத் தொட்டால் கையில் ‘சுரீர்’ என்று இழுத்தால், அது குழாயின் குற்றமல்ல; வெந்நீர்க் கருவியிலோ மோட்டாரிலோ மின்சாரம் கசிகிறது. அங்கே கூப்பிட வேண்டியது மின்சார வேலை தெரிந்தவரை. இவ்வளவுதான் வித்தை. இதைப் பள்ளிக்கூடத்தில் பிதகோரஸ் தேற்றத்தோடு சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் பிதகோரஸ் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நிற்க. நல்ல தண்ணீர்க் குழாயில் நாம் அலட்சியமாக இருந்தால் நம் பாய் நனைகிறது, நம் சுவர் கெடுகிறது, நம் பணம் போகிறது. குற்றமும் தண்டனையும் ஒரே வீட்டில் இருப்பதால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. கழிவு நீரின் கதை வேறு. அங்கே குற்றம் நம்முடையது. தண்டனை தெருவில் போகிறவனுக்கு.

கழிவு நீர்க் குழாயும் முன்கூட்டியே பேசுகிறது. அதன் பாஷை இன்னும் தெளிவானது. வீட்டில் ஒரே ஒரு தொட்டியில் மட்டும் தண்ணீர் மெதுவாக இறங்கினால், அடைப்பு அந்த ஒரு குழாயில் இருக்கிறது, அங்கேயே எடுத்துவிடலாம். சமையலறைத் தொட்டி, குளியலறை, கழிவறை மூன்றிலும் ஒருசேரத் தயங்கினால், அடைப்பு வெளியே பொதுக் குழாயில் இருக்கிறது. அல்லது கழிவுத் தொட்டி நிரம்பிவிட்டது. கழிவறையில் தண்ணீர் ஊற்றும்போது குளியலறைத் தரைத்துளையில் ‘களக் களக்’ என்று சத்தம் வந்தால், அது இரண்டாவது எச்சரிக்கை. அந்தத் துளை வழியே அழுக்குத் தண்ணீர் மேலே எட்டிப் பார்த்தால், அது கடைசி எச்சரிக்கை. முதல் எச்சரிக்கைக்கும் கடைசி எச்சரிக்கைக்கும் இடையே பல வாரங்கள் கிடைப்பது வழக்கம். அந்த வாரங்களில் நாம் செய்வது என்ன? தரைத்துளையின் மேல் ஒரு செங்கல்லை வைத்து மூடுகிறோம், ஊதுவத்தி கொளுத்துகிறோம்!

நாற்றத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கழிவறைக்கும் சாக்கடைக்கும் நடுவே வளைந்த குழாய் ஒன்று இருக்கிறதே, அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கி நிற்கும். அந்தத் தண்ணீர்தான் வீட்டுக்கும் சாக்கடைக் காற்றுக்கும் நடுவே கதவு. 1775-ஆம் ஆண்டில் லண்டன் கடிகாரத் தொழிலாளர் அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் இந்த வளைவை அமைத்து உரிமை பெற்றார். கடிகாரம் செய்கிறவர் சாக்கடையைப் பற்றிச் சிந்தித்ததைக் கேவலமாக நினைக்கவில்லை. ஆகவே, ஆள் புழங்காத குளியலறையில் நாற்றம் வந்தால் கதவு திறந்திருக்கிறது, அதாவது வளைவில் தண்ணீர் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. தண்ணீர் ஊற்றியும் நாற்றம் போகாவிட்டால்தான் மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

சரி, எச்சரிக்கைகளை எல்லாம் தவறவிட்டாயிற்று, பொங்கிவிட்டது. அப்போது முதல் காரியம் என்ன? தண்ணீர் புழங்குவதை நிறுத்துவது. அடைத்த குழாயில் மேலிருந்து இறங்குகிற ஒவ்வொரு வாளியும் கீழ்வீட்டில்தான் வெளியே வரும். மாடி வீடுகள் நிறைந்த கட்டடமானால் எல்லா வீட்டாரும் நிறுத்த வேண்டும். ஆனால் மூன்றாம் மாடிக்காரருக்குத் தன் குளியல் முக்கியம். தரைத்தளத்துக் கிழவி முழங்கால் அளவு அசுத்தத்தில் நிற்பது அவருக்குத் தெரிவதில்லை. தண்ணீர் கீழ்நோக்கித்தானே ஓடுகிறது, செய்தியும் மேல்நோக்கிப் போக வேண்டுமே! ஊரில் பெரிதாக நடக்கிற அநியாயத்துக்கெல்லாம் சின்னப் படம் வேண்டுமானால் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் சாக்கடைக் குழாயைப் பார்த்தால் போதும்.

இரண்டாவது காரியம், ஆசிட் ஊற்றாமல் இருப்பது. அடைத்தவுடன் கடைக்கு ஓடி ஒரு புட்டி ஆசிட் வாங்கி வந்து கவிழ்ப்பது நம்மவர்களுக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. துணியும் முடியும் பிளாஸ்டிக்கும் அடைத்த இடத்தில் ஆசிட் ஒன்றும் சாதிக்காது. அப்படியே தேங்கி நிற்கும். பிறகு கழியோ கம்பியோ விட்டுக் குத்துகிறவன் முகத்தில் தெறிக்கும். முன்பே அங்கே பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் ஆசிட்டோடு சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது நெஞ்சை அடைக்கும். ரப்பர்க் கிண்ணம் பொருத்திய கைக்கழி ஒன்று, வளைந்து போகும் நீளக் கம்பி ஒன்று, இரண்டையும் வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். கை நிறைய மோதிரம் போட்டுக்கொள்கிற நாம் ஒரு ஜோடி ரப்பர் உறை போட்டுக்கொள்வதால் கௌரவம் குறைந்துவிடாது. அதைவிட முக்கியம்: துணி, பஞ்சு, முடி, வதக்கிய எண்ணெய், தேங்காய் நார், காகிதப் பொட்டலம் இவற்றையெல்லாம் விழுங்குவதற்காகக் கழிவறையைக் கட்டவில்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்வது.

இப்போது கழிவுத் தொட்டிக்கு வருகிறேன். ‘செப்டிக் டேங்க்’ என்று சொல்லிச் சொல்லி அது ஏதோ ஓர் ஆங்கிலப் பூதம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது மிக எளிய அமைப்பு. வீட்டிலிருந்து வருகிற கழிவு அங்கே நிதானமாக நிற்கிறது. கனமானது அடியில் வண்டலாகப் படிகிறது. கொழுப்பு மேலே ஏடாக மிதக்கிறது. நடுவிலுள்ள தண்ணீர் வெளியேறுகிறது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் வண்டலைத் தின்று குறைக்கின்றன. ஆனால் முழுவதையும் தின்றுவிடுவதில்லை. ஆகவே வண்டல் ஏறிக்கொண்டே வரும். இரண்டு அல்லது மூன்று வருஷத்துக்கு ஒரு முறை உறிஞ்சும் வண்டியைக் கூப்பிட்டு எடுத்துவிட வேண்டும். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் வண்டியை அழைக்க 14420 என்று ஓர் எண்ணே வைத்திருக்கிறார்கள்.

நான் கேட்கிறேன்: சொந்த வீடு உள்ள கனவான்களில் எத்தனை பேருக்குத் தங்கள் தொட்டி எங்கே இருக்கிறது என்று தெரியும்? அதைக் கடைசியாகச் சுத்தம் செய்த வருஷம் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? மகளின் ஜாதகம் பெட்டியில் இருக்கிறது. காரின் எண்ணெய் மாற்ற வேண்டிய தேதி கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. தொட்டியைப் பற்றி ஒரு காகிதமும் இல்லை. சில வீடுகளில் தொட்டியின் மூடி மேல் சலவைக்கல் பதித்துவிட்டார்கள். சில வீடுகளில் அதன்மேல் கார் நிற்கிறது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் அதன்மேல் துளசி மாடமே எழுப்பிவிட்டார்கள்! வண்டியின் குழாய் நுழைய வழியில்லை. பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷத்து வண்டல் இறுகிப் பாறை போல் ஆகிவிட்ட பின், குழாயால் உறிஞ்ச முடியவில்லை என்று ஓர் ஆளை இறக்குகிறார்கள். அதாவது, வண்டி செய்ய வேண்டிய வேலையை வண்டியால் செய்ய முடியாதபடி ஆக்கியவர்கள் நாம். ஆக்கிவிட்டு, “வண்டியால் முடியவில்லை, அதனால் ஆள் தேவை” என்று நியாயம் பேசுகிறவர்களும் நாம்.

அந்தத் தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். தெரியாமல் செய்தோம் என்ற சாக்கு இந்தக் கட்டுரையைப் படித்தவர்களுக்காவது இல்லாமல் போகட்டும்.

காற்றில்லாத இடத்தில் கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு உண்டாகிறது. அழுகிய முட்டை நாற்றம் என்கிறோமே, அது இதுதான். காற்றைவிடக் கனமானது; ஆகையால் குழியின் அடியில் தங்குகிறது. வண்டலுக்குள்ளும் அடைபட்டுக் கிடக்கிறது. கழியால் கிளறியதும் குப்பென்று வெளிவருகிறது. இதில் மிகக் கொடுமையான விஷயம் ஒன்று உண்டு. பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு அளவுக்கு இது சேர்ந்துவிட்டால் சில நிமிஷங்களில் மூக்கு மரத்துப்போகிறது. ‘நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம்’ என்று அவன் நினைக்கிறான். நாற்றம் போகவில்லை, நாற்றத்தை அறியும் சக்தி போய்விட்டது. ஆயிரம் பங்கு அளவை எட்டினால் ஓரிரு மூச்சிலேயே விழுந்துவிடுவான். கூச்சல் போடக்கூட நேரம் இருக்காது.

வாயு இருக்கிறதா என்று பார்க்க நெருப்புக்குச்சி கிழித்துக் குழிக்குள் போடுகிற அறிவாளிகள் உண்டு. அதே குழியில் மீத்தேன் வாயுவும் இருக்கும். அது தீப்பற்றி வெடிக்கும். தீ எரிந்தால் மட்டும் என்ன? மனிதனைக் கொல்லும் அளவுக்கு விஷ வாயு இருக்கும் இடத்திலும் குச்சி பாட்டுக்கு எரியும். மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் காற்றாட விட்டேன் என்பார் இன்னொருவர். கிளறும்போது கிளம்பப்போகிற வாயுவைத் திறந்து வைத்த மூடி என்ன செய்யும்? கருவியால் அளந்து பார்க்காமல் உள்ளே இருப்பது காற்றா எமனா என்று எவராலும் சொல்ல முடியாது.

ஆகவேதான் பத்திரிகைகளில் ஒரே மாதிரிச் செய்தி திரும்பத் திரும்ப வருகிறது: ஒருவர் இறங்கினார், மயங்கி விழுந்தார், அவரைத் தூக்க இரண்டாமவர் இறங்கினார், அவரும் விழுந்தார், மூன்றாமவர் இறங்கினார். முதல் மனிதன் கூலிக்காகச் சாகிறான். இரண்டாவது மனிதன் அன்பினால் சாகிறான். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் செய்ய வேண்டியது, வேறு யாரையும் இறங்க விடாமல் தடுத்து, மூச்சுக்கருவியோடு வருகிற தீயணைப்புப் படையை அழைப்பதுதான். கல் நெஞ்சு போலத் தோன்றும். ஆனால் இன்னொரு பிணம் விழாமல் தடுப்பதற்கு அது ஒன்றே வழி.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1993-இல் ஒன்று, 2013-இல் இன்னொன்று. கையால் மலம் அள்ளும் தொழிலை ஒழிக்கும் 2013-ஆம் வருஷத்துச் சட்டத்தின் ஏழாம் பிரிவு, பாதுகாப்புக் கருவிகளும் முன்னேற்பாடும் இல்லாமல் ஒரு மனிதனைச் சாக்கடையையோ கழிவுத் தொட்டியையோ சுத்தம் செய்ய ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. நேராக ஈடுபடுத்தினாலும் குற்றம், ஒருவர் மூலமாக ஈடுபடுத்தினாலும் குற்றம். முதல் தடவைக்கு இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறு தடவைக்கு ஐந்து வருஷம், ஐந்து லட்சம். ‘எந்த நபரும்’ என்றுதான் சட்டம் சொல்கிறது. அந்த ‘எந்த நபரும்’ என்பதில் வேட்டி கட்டிய வீட்டுக்காரரும் அடக்கம், குடியிருப்போர் சங்கத்துக் காரியதரிசியும் அடக்கம்.

2014 மார்ச் 27-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, நம் பழமொழிக்கே பதில் சொன்னது போல் இருக்கிறது. பாதுகாப்பு இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவது, அவசர நிலைமையிலும் கூடக் குற்றமாக வேண்டும் என்று அது கூறியது. ‘அவசர நிலைமையிலும் கூட’ என்ற சொற்களை இரண்டு முறை படியுங்கள். நீதிபதிகளுக்கு நம் சாக்கு முன்பே தெரிந்திருக்கிறது! 1993 முதல் இப்படிச் செத்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்ச ரூபாய் தர வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. 2023 அக்டோபர் 20-ஆம் தேதி அதே நீதிமன்றம் அந்தத் தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்திருக்கிறது, சாவு நின்றபாடில்லை. இந்தச் சாவுகளின் கணக்கில் நம் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். செம்மொழி என்று மார் தட்டுகிறபோது இதையும் சேர்த்துத் தட்டிக்கொள்வோம்.

என் கட்சிக்கு எதிராக நாலு வாதங்களை நான் அடிக்கடி கேட்கிறேன்.

முதல் வாதம்: “நாங்களா வற்புறுத்தினோம்? அவனேதான் இறங்குகிறேன் என்றான்.” ஐயா, அடுப்பில் உலை வைக்க வழியில்லாதவன் முன்னால் நோட்டை நீட்டிவிட்டு, அவன் கை நீண்டதைச் சம்மதம் என்று சொல்கிறீர்கள். உங்கள் பிள்ளை அதே பணத்துக்கு அதே குழியில் ‘நானேதான் இறங்குகிறேன்’ என்றால், அந்தச் சம்மதத்தை ஏற்றுக்கொள்வீர்களா? தோளைப் பிடித்து இழுக்க மாட்டீர்களா? இழுப்பீர்கள். அப்படியானால், சம்மதம் இருந்தால் போதும் என்பது உங்களுடைய உண்மையான கொள்கை அல்ல.

இரண்டாவது வாதம்: “அவனுக்குப் பழக்கம்.” பழக்கத்தினால் தோல் தடிக்கும், கை காய்த்துப் போகும், விஷ வாயு பழகுவதில்லை. நூறு தடவை இறங்கி ஏறியவனும் நூற்றோராவது தடவை ஏறாமல் போகிறான். அன்று அந்தக் குழியில் வாயு கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான். ‘பழக்கம்’ என்று அவர்கள் சொல்வதன் அடியில் வேறொரு சொல் ஒளிந்திருக்கிறது. அது ஜாதி. தலைமுறை தலைமுறையாக ஒரு சில ஜாதிகளில் பிறந்தவர்களையே இந்த வேலையில் தள்ளி வைத்துவிட்டு, அதற்குப் பழக்கம் என்று பெயர் சூட்டியிருக்கிறோம். கோயிலில் மணியடிக்கிறவருக்கு அது பிறவி உரிமை, குழியில் இறங்குகிறவனுக்கு இது பிறவிப் பழக்கம் என்று பாகப் பிரிவினை செய்த புண்ணியவான்கள் யார் என்று சரித்திரத்தைக் கேளுங்கள்.

மூன்றாவது வாதம்: “எங்கள் சந்தில் வண்டி நுழையாது.” வண்டி நுழைய வேண்டியதில்லை, அதன் குழாய் நுழைந்தால் போதும். குழாய்களை ஒன்றோடொன்று மாட்டி நீட்டலாம். சிறிய வண்டிகளும் உண்டு. பக்கத்திலுள்ள கேரளத்தில் பொறியியல் படித்த இளைஞர்கள் சேர்ந்து, ஆள் இறங்கும் குழிக்குள் கை நீட்டிக் கசடை அள்ளும் ஓர் இயந்திரத்தைச் செய்து, அது 2018-இல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்துவிட்டது. கல்யாண வீட்டுக்கு ஜெனரேட்டர் அதே சந்தில் வந்ததே, எப்படி வந்தது? நமக்கு வேண்டியதெல்லாம் நுழைகிறது.

நான்காவது வாதம் கொஞ்சம் கௌரவமானது: “இதெல்லாம் அரசாங்கம் பார்க்க வேண்டிய காரியம்.” உண்மை. அரசாங்கம் பார்க்க வேண்டும். வண்டிகள் போதாது என்றால் வாங்க வேண்டும். வேலைக்காரர்களை ஒப்பந்தக்காரனின் தயவில் விடாமல் நிரந்தரமாக்க வேண்டும். சட்டப்படி வழக்குத் தொடுத்துத் தண்டனை வாங்கித் தர வேண்டும். செத்த வீட்டுக்குப் பணம் கொடுப்பதோடு கணக்கு முடிந்துவிட்டது என்று நினைக்கிற உத்தியோகஸ்தர்களை நான் மன்னிக்கவில்லை. ஆனால் உங்கள் வீட்டுத் தொட்டியின் மேல் சலவைக்கல் பதித்தது அரசாங்கமா? மழைத் தண்ணீரைத் திருட்டுத்தனமாகச் சாக்கடைக் குழாயில் இணைத்து, ஐப்பசி மழையில் தெருவெல்லாம் பொங்க வைத்தது அரசாங்கமா? நாப்கினைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றியது மந்திரியா? அரசாங்கத்தைத் திட்டுவதற்கு ஒரு யோக்கியதை வேண்டும். நம் வீட்டு மூடியை நாம் திறந்து பார்த்த பிறகு அந்த யோக்கியதை வருகிறது.

இன்னொன்று சொல்கிறேன்; எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் இது என் கண்ணில் படுகிறது. நம் வீட்டுக்கு டாக்டர் வந்தால் ‘வந்தார்’ என்கிறோம். மின்சார வேலைக்காரர் ‘வந்தார்’. குழாய் வேலைக்காரரும் இப்போதெல்லாம் ‘வந்தார்’தான். உறிஞ்சும் வண்டி ‘வந்தது’. அந்த மனிதன் மட்டும் ‘வந்தான்’. அறுபது வயதானாலும் ‘வந்தான்’. அவன் குழிக்குள் செத்துப்போன மறுநாள் பத்திரிகையில்தான் முதன்முதலாக ‘இறந்தார்’ என்று மரியாதை கிடைக்கிறது. இந்தக் கட்டுரையிலும் நான் ‘அவன்’ என்றே எழுதி வந்தேன், நாம் பேசுகிறபடியே நம் பேச்சு நம் காதில் விழட்டும் என்று. இனி எழுதப்போவதில்லை. ஒரு மனிதரை ‘அவர்’ என்று சொல்லப் பழகிய வாய்க்கு, அவரைப் பார்த்து “இறங்கு” என்று சொல்வது கொஞ்சமாவது கஷ்டமாக இருக்கும். பாஷையால் ஆகக்கூடிய நன்மை அவ்வளவுதான், அதையாவது செய்வோம்.

அப்படியானால் பொங்கிவிட்ட அன்று என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். வண்டி வரும் வரைக்கும் காத்திருங்கள். கழிவறையைப் பூட்டி வையுங்கள். அக்கம்பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். வெட்கமாக இருந்தால் உறவினர் வீட்டுக்குப் போங்கள். அதுவும் இல்லாவிட்டால் பொதுக் கழிப்பிடத்துக்கு நடங்கள். வந்த விருந்தாளிகளிடம் விஷயத்தைச் சொல்லுங்கள்; அவர்கள் வீட்டிலும் கழிவறை உண்டு, புரிந்துகொள்வார்கள். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அசௌகரியம்தான், அருவருப்புத்தான், மானக்கேடுதான். ஆனால் இரண்டு நாள் பக்கத்து வீட்டுக் கழிவறைக்குப் போனதால் செத்தவர் என்று இதுவரை எவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. இரண்டு நாள் அசௌகரியத்துக்கு நாம் வைத்த பெயர் ஆபத்து. ஒரு மனிதர் மூச்சடைத்துச் சாவதற்கு நாம் வைத்த பெயர் விபத்து. இந்த இரண்டு பெயர்களையும் இடம் மாற்றி வைத்தால் போதும், பாதி அக்கிரமம் அடங்கிவிடும்.

ஆபத்துக்குப் பாவமில்லை என்ற பழமொழி பொய்யல்ல. ஆனால் அதைச் சொல்லும் உரிமை ஆபத்தில் இருக்கிறவருக்குத்தான் உண்டு. திறந்த குழிக்கு மேலே, உலர்ந்த தரையில், மூக்கில் கைக்குட்டையோடு நிற்கிறவருக்கு அந்த உரிமை இல்லை. குழிக்குள் நிற்கிறவர் சொல்லட்டும், கேட்டுக்கொள்வோம். அவர் சொல்வதற்கு உயிரோடு மேலே வர வேண்டும். வரவேண்டுமானால், முதலில் அவரை இறக்காமல் இருக்க வேண்டும்.